மூன்று சுவர் அறை

"இனிமே சித்தி வீட்லயே இருந்துக்கறேன்மா" என்று என் மகள் சொன்ன நிமிடமே முடிவு செய்துவிட்டேன், இவளை விடுவதில்லை என்று. வருடா வருடம் கோடை விடுமுறைக்குப் போய்வருகிறவள்தான். இந்த முறை கல்லூரிக்கும் அங்கிருந்தே போவாளாம். "அங்க காத்து வருது, உட்கார்ந்து படிக்க முடியுது. இங்க அடுப்புக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு." சனிக்கிழமை வந்து புத்தகங்களை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஒரு பையோடு கிளம்பிவிட்டாள். என் தங்கைக்கு வாயெல்லாம் பல். "கவலைப்படாதக்கா, என் பொண்ணு மாதிரி பார்த்துக்கறேன்" என்று போனில் சொன்னாள். மாதிரி என்ன மாதிரி? அவள் என் பொண்ணு.

அழுது தடுக்கும் ஆள் நான் இல்லை. அவள் சொன்ன காரணத்தையே வேரோடு பிடுங்கிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். அதற்கான கைத்தொழிலும் என்னிடம் இருந்தது. வீட்டு அலங்காரச் சாமான்கள் விற்கும் பெரிய கடையில், மாதிரி அறைகளை ஜோடிப்பதுதான் என் வேலை. வெயில் தலைகாட்டும் முன்பே கடைக்குள் கோடையைக் கொண்டுவந்துவிடுவேன். வெள்ளைப் பருத்தித் திரை, பிரம்பு விளக்கு, சணல் விரிப்பு, கண்ணாடி ஜாடியில் நாலு பச்சைக் கிளை. பார்க்கிறவர்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் வேர்வை அடங்கும். ஆனால் என் வீட்டில் தொங்கியதோ கல்யாணப் பரிசாக வந்த கருஞ்சிவப்பு வெல்வெட் திரை. இத்தனை வருடம் அதைக் கழற்றத் தோன்றாததற்கு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் போனில் படங்களாகப் பார்த்தேன். கடற்கரை வீடுகள், மாடித் தோட்டங்கள், நீலமும் வெள்ளையுமாகப் படுக்கையறைகள். வேலை முடிந்ததும் துணிக்கடை, பிரம்புக்கடை, நாற்றுப்பண்ணை என்று அலைந்தேன். மெத்தைத் திண்டுகளுக்கு வெளிர்நீல உறை தைத்தேன். மூங்கில் தட்டியை ஆணியடித்து மாட்டினேன். சுவரில் அசிங்கமாகத் தெரிந்த பிளக் பாயின்ட்டை மறைத்துப் பிரம்பு அலமாரியை நிறுத்தி, அதில் சங்கும் ஜாடியும் அடுக்கினேன். சோபாவை ஜன்னலோரம் தள்ளினேன். பின்னால் வெல்வெட்டுக்குப் பதில் வெள்ளைத் திரை தொங்க, முன்னால் நீலத் திண்டுகள் வரிசையாக நிற்க, கதவைத் திறந்ததும் கண்ணைப் பறித்தது.

என் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வேலையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, நாங்கல்லாம் உள்ள வரலாமா, இல்ல இங்கேயே நின்னு பார்த்துட்டுப் போயிடணுமா?"

"கால் கழுவிட்டு வாங்க. திண்டு மேல சாயக் கூடாது."

"அப்ப திண்டு எதுக்கு?"

நான் முறைத்த முறைப்பில் சமையலறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் வந்தாள். கதவைத் திறந்தவள் வாயைப் பிளந்தாள்.

"அய்யோ அம்மா, சூப்பர்! நம்ம வீடா இது?"

போனை எடுத்து இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் ஒரு படம். திரையைத் தொட்டுப் பார்த்தாள். ஜாடியைத் தூக்கிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்தாள். "ரொம்ப அழகா இருக்கும்மா" என்றாள். தோளில் மாட்டிய பையை மட்டும் இறக்கவே இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. இந்த மாதிரிப் புகழ்ச்சியைக் கடையில் தினமும் கேட்கிறவள் நான். வாங்கப் போகிறவர்கள் இப்படிப் புகழ்வதில்லை. நேராக வந்து சோபாவில் தொப்பென்று விழுவார்கள், செருப்பைக் கழற்றுவார்கள், பக்கத்தில் இருப்பவரோடு சண்டை பிடிப்பார்கள். ரொம்ப அழகு என்று சொல்லி, எதையும் கலைக்காமல் நடையைக் கட்டுகிறவர்கள் திரும்பி வருவதில்லை.

கதவருகே நின்று அறையைப் பார்த்தேன். கடையில் ஒவ்வொரு அறைக்கும் மூன்றே சுவர்தான். நாலாவது பக்கம் ஜனங்கள் நின்று பார்ப்பதற்கு. நான் என் வீட்டையும் அப்படியே ஜோடித்திருந்தேன். சோபா, விளக்கு, திண்டு எல்லாமே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே உட்கார்ந்தால் பார்ப்பதற்குக் கதவைத் தவிர ஒன்றுமில்லை. போதாக்குறைக்குச் சோபாவின் முதுகு ஜன்னலை அடைத்திருந்தது. சாயங்காலம் வருகிற கொஞ்சநஞ்சக் காற்றையும் நானே வெளியில் நிறுத்திவிட்டேன்! ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

"அந்தப் பக்கம் பிடிடி."

"எதைம்மா?"

"சோபாவை. திருப்பணும். ஏங்க, நீங்களும் வாங்க!"

"நல்லாத்தானே இருக்கு, ஏன்மா கலைக்கற?"

"பிடின்னா பிடி."

மூவருமாக இழுத்தோம். விரிப்பு சுருண்டது, திண்டுகள் உருண்டன, அவர் கால்விரல் நசுங்கி ஒரு குதி குதித்தார். மகள் சிரித்த சிரிப்பில் பை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. ஜன்னலை விரியத் திறந்துவிட்டேன். வெள்ளைத் திரை உப்பி எழுந்து அவள் முகத்தில் அடித்தது. அவள் ஜன்னலைப் பார்த்த சோபாவில் பொத்தென்று விழுந்து, இரண்டு திண்டுகளைத் தலைக்குக் கீழே திணித்துக்கொண்டாள்.

"இப்ப காத்து வருதும்மா" என்றாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தாள். பிறகு போனை எடுத்துப் பார்த்தாள். "சார்ஜே இல்ல. இங்க ஒரு பிளக் இருந்துச்சே?"

பிரம்பு அலமாரியை ஓரமாக இழுத்தேன். சங்கு ஒன்று விழுந்து உடைந்தது. பழுப்பேறிய பிளக் பாயின்ட் வெளியே வந்தது. சார்ஜரைச் சொருகியவள் அங்கேயே நின்று, ஜன்னலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, இந்த இடத்துல என் படிக்கற மேஜையைப் போட்டா எப்படி இருக்கும்?"

அந்த மேஜையை எனக்குத் தெரியும். ஒரு கால் ஆடும், மேலெல்லாம் மைக்கறை.

"போடு."

"உன் டெக்கரேஷன் மொத்தமும் கெட்டுப் போயிடுமே?"

"கெடட்டும்டி" என்றேன்.