இரண்டு அடுக்குக் கதவு

…டொக் என்றா கேட்டது, இல்லை, ணங் என்றுதானே கேட்டிருக்க வேண்டும், ஸ்பேனர் கை நழுவி அந்தக் கறுப்புக் குழாயில் பட்டபோது இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம்தானே வந்திருக்க வேண்டும், இது என்ன டொக் என்று, குளியலறை வாளியைத் தட்டின மாதிரி… ஐவி குனிந்தது குனிந்தபடியே நின்றாள். இடது கையில் புதுக் கதவு, மூன்று வாரமாக அவளே அச்செடுத்து, கண்ணாடி இழைப்பாய் விரித்து, ரெசின் ஊற்றி வார்த்த ஃபைபர் கதவு, ஐம்பத்து நாலு வயதுக்காரி ஒரு கையில் தூக்கிக்கொண்டு நிற்கலாம், அவ்வளவு லேசு, அந்த லேசு ஒரு நிமிஷத்துக்கு முன்னால்வரை எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கழற்றிய பழைய இரும்புக் கதவு சுவரில் சாய்ந்திருந்தது, அதை இறக்க அவளும் தம்பி ஜார்ஜும் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது, இறக்கி வைத்த கையோடு அவன் லாரிக்காரனிடம் பேச வெளியே போய்விட்டான், கதவு போனதும் காரின் வலது பக்கம் பல் விழுந்த வாய் மாதிரித் திறந்து கிடந்தது, அதற்குக் குறுக்கே இந்தக் குழாய், ஓட்டுகிறவனின் விலாவுக்கு நேராக, காருக்குள்ளே பற்றவைத்த இரும்புக் கூண்டின் மற்ற குழாய்களைப் போலவே கறுப்பு, அதே பருமன், அதே பளபளப்பு. ஒருவேளை சரியாகப் படவில்லையோ. கூண்டின் மேல்குழாயைத் தட்டினாள், ணங். பின்குழாய், ணங். கார் உருண்டாலும் மோதினாலும் உள்ளே இருக்கிற மனுஷன் நசுங்கிப்போகக் கூடாது என்றுதானே இந்தக் கூண்டு, ஒவ்வொரு குழாயும் ணங் என்றுதானே பதில் சொல்ல வேண்டும்… மறுபடி அந்தக் குறுக்குக் குழாய். டொக்.

வெளியே ஜார்ஜின் குரல், ஹவ் பாய், ஹவ், ஆமா, நாலு மணிக்கு வந்துடணும் என்று தெலுங்கும் இந்த ஊர் உருதுவான தக்னியும் கலந்து, தார்நாகாவில் ஆய்வுக்கூட ஸ்டோரில் பைல் புரட்டுகிற தம்பியா இது என்று தோன்றுகிற மாதிரி உற்சாகமான குரல், நாற்பத்தாறு வயசில் பந்தயம் ஓட்டுகிறேன் என்று கிளம்பினவன், முதலில் திருமுல்கேரி வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான் சிரித்தாள், அப்புறம் அவன் கொண்டுவந்து நிறுத்திய பழைய எஸ்டீம் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, இன்ஜினை மூடுகிற பானட்டைத் தட்டிப் பார்த்து, இதை நான் ஃபைபர்ல போட்டுத் தந்தா பாதி எடைகூட இருக்காதுலே என்று சொன்னது யார், அவன் கேட்டானா, இல்லையே, அவளாகத்தானே சொன்னாள். ஜீடிமெட்லாவில் இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீர்த்தொட்டி மூடியும் குளியல்தொட்டியும் வார்க்கிற கை, பக்கத்து மருந்துக் கம்பெனிகளின் நெடியும் ரெசின் நெடியும் சேர்ந்து மூக்கே மரத்துப்போன உடம்பு, அந்தக் கைக்கு ஒரு நாளாவது ஓடுகிற பொருளைச் செய்ய ஆசை வந்தது தப்பா… இப்போது தப்பு சரியெல்லாம் கிடக்கட்டும், இந்தக் குழாய் என்ன குழாய்.

இழைப்பாய் வெட்டுகிற கத்தியை எடுத்துக் குழாயின் அடிப்பக்கமாகச் சுரண்டினாள், கறுப்பு வண்ணம் சுருள் சுருளாக வந்தது, அதற்குக் கீழே சாம்பல் நிறம், வழவழப்பு, நகம் பதிந்தது, நகம்! பிளாஸ்டிக். மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிற குழாய். இரண்டு முனையிலும் இரும்போடு ஒட்டுகிற இடத்தில் பட்டிக்கலவை பூசி, பற்றவைத்த தழும்பு மாதிரியே அலை அலையாகச் செதுக்கி, மேலே வண்ணம், என்ன கைநேர்த்தி, ஜார்ஜுக்கு எப்போதிருந்து இவ்வளவு பொறுமை வந்தது… மாதாவே, இதையா நான் யோசிக்கிறேன், கைநேர்த்தியையா. கையில் கதவு இருந்ததே, எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள், பிடித்த இடத்தில் அவளுடைய கட்டைவிரல் அழுத்தத்துக்குக் கதவு மெல்ல உள்வாங்கி வெளியே வந்தது, உள்வாங்கி வெளியே வந்தது, மூச்சு விடுகிற வயிறு மாதிரி. அப்போதுதான் இரண்டாவது அடி விழுந்தது அவளுக்கு. முதல் அடி குழாய். இரண்டாவது அடி இந்தக் கதவு.

ஏனென்றால் இந்தக் கதவு இரண்டே அடுக்கு. பானட் ஐந்து அடுக்கு, டிக்கி மூடி நான்கு, கதவை மட்டும் அவள் இரண்டோடு நிறுத்தினாள், உள்ளேதான் குறுக்கே இரும்புக்குழாய் இருக்கிறதே, மோதினால் அது தாங்கும், கதவு சும்மா காற்றை மறைத்தால் போதும் என்று அவளாகவே முடிவு செய்து, அவனிடம் சொல்லாமல், சொன்னால் தராசில் தொங்கவிடும்போது அவன் முகத்தைப் பார்க்கிற சுகம் போய்விடுமே என்று… அதுதான் அவர்கள் வழக்கம். கழற்றுகிற ஒவ்வொன்றையும் பெட்டி எடை போடுகிற தொங்குதராசில் மாட்டுவது, சுவரில் சாக்பீஸால் எழுதுவது, பின் இருக்கை, ஹீட்டர், கண்ணாடி இறக்குகிற பிடி, சுண்டுவிரல் நக அளவு ஒரு நட்டுக்கூட விடாமல், யார் அதிகம் குறைத்தது என்று போட்டி, ஜார்ஜ் ஒரு நாள் தன் ஷூவைக் கழற்றித் தொங்கவிட்டு இருநூறு கிராம் மிச்சம் அக்கா, வெறுங்காலோட ஓட்டுதேன் என்றானே, எவ்வளவு சிரித்தார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல் குறைத்துவிட்டுக் கடைசியில் காட்டுவதுதானே விளையாட்டே. அப்படியென்றால் இந்தக் குழாயும்… இதுவும் அவன் எனக்குக் காட்டத்தான் வைத்திருந்தானா.

ரேச்சல் ஞாபகம் வந்தாள். போன ஞாயிறு கோயில் முடிந்து படியிறங்கும்போது ஜார்ஜின் பெண்டாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மைனி, நீங்க கூட இருக்கியன்னுதான் நான் இவுகள விடுதேன், இல்லாட்டி சாவியத் தூக்கிக் கிணத்துல போட்டுருவேன், என்றாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் பிடித்த கையை விடவில்லை, அந்தப் பிடி இப்போது மணிக்கட்டில் மறுபடி இறுகியது. சனிக்கிழமை சென்னைக்கு வெளியே அந்தப் பந்தயத் தடத்தில் இவன் நூற்று ஐம்பதில் வளைவு திரும்புவான், உள்பக்கமாக ஒருத்தன் தன் வண்டி மூக்கை நுழைப்பான், எப்போதும் நுழைப்பான், இவன் விலாவுக்கும் அந்த மூக்குக்கும் நடுவில் என்ன இருக்கிறது… தண்ணீர்க்குழாய். அதற்கு இந்தப் பக்கம் என் இரண்டு அடுக்கு. அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. வேறொன்றுமே இல்லை!

"அக்கா, கதவு உக்காந்துட்டா?" ஜார்ஜ் உள்ளே வந்தான், போனைப் பையில் போட்டபடி, நெற்றியில் வேர்வையும் வாயில் சிரிப்புமாக. "லாரிக்காரன் போவன்பள்ளி தாண்டிட்டானாம்."

"லே, இங்க வா. இங்க இருந்த இரும்புக் குழாய் எங்கலே?"

அவன் குழாயைப் பார்த்தான், சுரண்டின இடத்தைப் பார்த்தான், பயப்படுவான் என்று நினைத்தாள், இல்லை, ஒளித்துவைத்த பிறந்தநாள் கேக்கை யாரோ முன்னாலேயே திறந்துவிட்ட மாதிரி உதட்டைப் பிதுக்கினான். "ச்சே, கண்டுபிடிச்சிட்டியா! லாரில ஏத்தினப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நாலே முக்கால் கிலோ அக்கா! சொவத்துல எழுது, எழுது."

"ரேஸ்ல செக் பண்ணுதவங்க தட்டிப் பாத்தா?" என்று கேட்டாள், கேட்டுவிட்டுத் திடுக்கிட்டாள், இதுவா முதல் கேள்வி, செத்துப்போவியேலே என்றல்லவா வாயில் வந்திருக்க வேண்டும்.

"கூண்டப் போன ரேஸ்லயே பாத்து ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. இப்ப சும்மா எட்டிப் பாப்பாங்க, தட்ட மாட்டாங்க."

"வெட்டுன குழாய் எங்க?"

"கபாடிக்காரன் பழைய இரும்போட அன்னிக்கே எடுத்துட்டுப் போய்ட்டான்."

"கைக்குலே? கைக்கு இப்படிச் செஞ்ச?" ஏன் என்று கேட்கக்கூட அவளுக்கு இந்த ஊர்த் தக்னிதான், கைக்கு என்றுதான் வந்தது, குரல் அவளுடையதாகவே இல்லை.

"நல்லாருக்கே! நீதானே காட்டுன? பானட்டு வார்த்த அன்னிக்கு ரெண்டு செங்கல் மேல அதை வச்சு, ஏறி நின்னு குதிச்சியே, எழுவத்திரண்டு கிலோ, கீறல் விழலையே. அதே ஃபைபர்ல கதவு வருது, அதுக்கு உள்ள இரும்பு கைக்கு? ரெண்டு கதவா?"

குதித்தாள்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, பக்கத்து ஷெட்காரர்கள் கைதட்ட. என்ன பெருமை அன்றைக்கு… அவள் இவன் இரும்பை நம்பிக் கதவை மெலிய வைத்திருக்கிறாள், இவன் அவள் கதவை நம்பி இரும்பை அறுத்திருக்கிறான், இருவரும் ஒரே கூரைக்கு அடியில், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி, வாயைப் பொத்திக்கொண்டு. "பானட் அஞ்சு அடுக்குலே," என்றாள், "கதவு…" இரண்டு விரலைக் காட்டினாள்.

அவன் கண் விரிந்தது. "ரெண்டா! ஹவ்! அதான் இவ்ளோ லேசா? எங்கிட்ட சொல்லவே இல்ல பாரு. அக்கா, நீ இருக்கியே…" பாராட்டு. அவன் முகத்தில் இருந்தது பாராட்டு. காதில் விழுந்தது எண்ணிக்கை மட்டும்தான், அதற்கு அர்த்தம் இன்னும் உள்ளே இறங்கவில்லை, இறங்குமா, எப்போது இறங்கும், லாரியில் ஏற்றின பிறகா.

"பிடி இத," கதவை அவன் கையில் திணித்தாள், "நெஞ்சுக்கு நேரா பிடி. கேடயம் மாதிரி."

"நக்கோ அக்கா, வேண்டாம், லாரி வந்துரும்…"

"பிடிலே!"

பிடித்தான். அவள் பெஞ்சிலிருந்து ரப்பர் சுத்தியலை எடுத்தாள், அச்சிலிருந்து தொட்டியைப் பிரித்தெடுக்கத் தட்டுகிற சுத்தியல், ஓங்கக்கூட இல்லை, முழங்கையிலிருந்து ஒரு வீச்சு, அவ்வளவுதான், ஒரு பெண்பிள்ளையின் வீச்சு, அதற்கே பப்படம் நொறுங்குகிற சத்தம், வெள்ளை இழைகள் பிரிந்து நட்சத்திரம் மாதிரி விரிந்தன, சுத்தியல் உள்ளே போய் அவன் சட்டைப் பொத்தானில் முட்டி நின்றது. பொத்தான் தெறித்துத் தரையில் உருண்டு டயருக்கு அடியில் போனது. அவன் ஒரு எட்டுப் பின்வாங்கினான். கதவை மெல்ல இறக்கி ஓட்டையைப் பார்த்தான். அதற்குள் கையை விட்டு விரல்களை விரித்தான், அந்தப் பக்கம் அவன் விரல்கள் அவளுக்குத் தெரிந்தன, கறுத்த, கிரீஸ் படிந்த, அவர்கள் அப்பாவுடையதைப் போன்ற சின்ன விரல்கள். இதோ இப்போது உட்கார்ந்துவிடுவான். முகம் வெளுக்கும். ரேச்சலிடம் சொல்லாதே என்பான். அவள் அவன் தோளில் கை வைத்து, போட்டும்லே, வண்டி இந்தத் தடவை போக வேண்டாம், இரும்பு வாங்கிப் பத்தவச்சிட்டு அடுத்த ரேஸுக்குப் பாத்துக்கலாம் என்பாள்.

"அக்கா," என்றான் ஜார்ஜ், ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், ரொம்ப மெதுவாக, "இன்னொண்ணு வார்க்க எவ்ளோ நேரம் ஆகும்?"

என்ன கேட்கிறான் இவன், இவனுடைய சட்டை திறந்து கிடக்கிறது, உள்ளே பனியன் தெரிகிறது, பனியனுக்கு உள்ளே… வாயைத் திறந்தாள், கத்தத்தான் திறந்தாள், குழாய் இல்லாம இந்த வண்டி இங்கருந்து நகராது என்று கத்தத்தான், ஆனால் அச்சு மெழுகு பூசித் தயாராக இருக்கிறது, வெளியே நல்ல வெயில், ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டி ஊற்றிக் கூரைத் தகட்டுக்குக் கீழே வைத்தால் அரை மணியில் இறுகும், அப்புறம் ஓரம் தேய்க்க, துளை போட…

"மூணு மணி நேரம்," என்றது ஒரு குரல். யார் சொன்னது. ஷெட்டில் வேறு யாரும் இல்லை. ஜார்ஜ் ஏற்கனவே போனை எடுத்து வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தான், பாய், தோடா லேட், ஏழு மணி, ஏழு மணி என்று. குழாயைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை அடுக்கு என்றும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, எனக்குத் தெரியாதா, ஐந்து போடுவேன், ஆறு போடுவேன், ஆறு போட்டாலும் அது இரும்பாகிவிடுமா, ஆகாது, அதுவும் தெரியும், தெரிந்துகொண்டே ஐவி இழைப்பாய்ச் சுருளை உருட்டி விரித்தாள், கத்தரிக்கோல் கைக்கு வந்தது, முதல் அடுக்கை வெட்டிப் போட்டாள், அதன்மேல் இரண்டாவது, மூன்றாவதுக்குப் பாயை இழுத்தபோது கை சற்று நின்றது, எடையை நினைத்து நின்றது… நின்றதா, இல்லை, சும்மா வலிக்கிறது, காலையிலிருந்து வேலை, ஸ்பேனர் பிடித்த கை… எடையை நினைத்துத்தான் நின்றது.