ஏவன்டேலின் நான்கு சீட்டு

என் சட்டைப் பையில் நான்கு வெற்றுச் சீட்டு இருந்தது. நான்கிலும் யோகராணி ரீச்சரின் பெயரை எழுதிப் போட வேண்டும். ரீச்சரை எனக்குப் பிடிக்காது. மீன் விற்ற என்னோடு கதைத்தாலும் வீட்டுப் பாடம் செய்யாத பிள்ளையோடு கதைக்கிற மாதிரித்தான் கதைப்பா. என் சொந்த வாக்கை டெஸ்மனுக்குத்தான் போட்டிருந்தேன்.

எல்லாம் எங்கள் தமிழ் மூத்தோர் சங்கத்துக்குத் தலைவரைத் தெரிவு செய்கிற வேலை. அமெரிக்கன் முறையைக் கொண்டு வந்ததே டெஸ்மன்தான். மூன்று வருடத்துக்கு முதல் அவனும் என்னைப் போல ஏவன்டேலில் வாடகைக்கு இருந்தான். சங்கத்தில் பாதிப் பேர் நகரத்தின் மாசிப் பகுதியில். ஆளை எண்ணித் தெரிவு செய்தால் இனி எப்போதும் மாசி ஆள்தான் தலைவர், மற்ற இரண்டு பகுதியான ஏவன்டேலும் நியூ லின்னும் கை தட்டத்தான் என்று அவனுக்குப் பயம். பகல் முழுக்க அமெரிக்கச் செய்தி பார்க்கிறவன், கூட்டத்தில் எழும்பி விளக்கினான்.

"அங்க சனம் ஜனாதிபதியை நேர தெரிவு செய்யிறேல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தினை தேர்வாளர் எண்டு கணக்கு. சனம் கூடின மாநிலத்துக்குக் கூட. ஆனா எவ்வளவு சின்ன மாநிலமெண்டாலும் எல்லாருக்கும் மேலதிகமா ரண்டு. ஒரு மாநிலத்தில ஒரு வாக்கால வெண்டாலும் அந்த மாநிலத்தின்ர தேர்வாளர் முழுப்பேரும் வெண்டவருக்கு. ரண்டே ரண்டு மாநிலம்தான் பிரிச்சுக் குடுக்கும். மொத்தம் ஐந்நூற்று முப்பத்தெட்டு. இருநூற்று எழுபது எடுத்தவர் ஜனாதிபதி."

"தோத்தவருக்குப் போட்ட சனத்தின்ர வாக்கு?" என்று கேட்டேன்.

"அது அந்த மாநிலத்தோட சரி."

"அப்ப களவுதான்."

"ஐசே அற்புதம், நீர் படிச்சது நாலாம் வகுப்பு. பேசாமல் இரும்."

எல்லோரும் சிரித்தார்கள். சங்கத்தின் சட்டமான யாப்பை டெஸ்மனே எழுதினான். பத்துப் பேருக்கு ஒரு சீட்டு, அதற்கு மேல் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு. மாசியில் ஐம்பது பேர், ஏழு சீட்டு. நியூ லின்னில் முப்பது பேர், ஐந்து. ஏவன்டேலில் இருபது பேர், நான்கு. பதினாறில் ஒன்பது எடுத்தவர் தலைவர். அமெரிக்காவில் சீட்டுக்கு ஓர் ஆளாம். எங்களுக்கு அத்தனை ஆளுக்கு எங்கே போவது? இடத்துக்கு ஒருவர் எல்லாச் சீட்டையும் கொண்டுபோய்ப் போடுவதென்று வைத்தார்கள்.

ஏவன்டேலில் என்னைப் பிடித்தார்கள். "அற்புதம் ஒருத்தரையும் நம்பாது. ஒருத்தரும் கதைச்சு அதை மாத்தேலாது" என்றா பத்மாவதி அக்கா.

இதற்கிடையில் டெஸ்மனின் மகன் மாசியில் வீடு வாங்கினான். டெஸ்மனும் அங்கே போனான். மாசிச் சனம் அவனையே தலைவருக்கு நிறுத்தியது. எதிராக ரீச்சர் நின்றா. சீட்டுப் போடுகிற கூட்டத்துக்கு முதல் கிழமை மூன்று இடத்திலும் வாக்கெடுப்பு. மாசியில் நாற்பத்தைந்து பேர் அவனுக்கு, ஐந்து பேர் ரீச்சருக்கு. நியூ லின்னில் ரீச்சருக்குப் பதினேழு, இவனுக்குப் பதின்மூன்று. ஏவன்டேலில் ரீச்சருக்குப் பதினொன்று, இவனுக்கு ஒன்பது. மற்றவர் எண்ணியதை நான் நம்புவதில்லை. இரண்டு தரம் நானே எண்ணினேன்.

ஞாயிறு காலையில் டெஸ்மன் காரில் வந்து என்னை ஏவன்டேல் சந்தைக்குக் கூட்டிப் போவது பன்னிரண்டு வருடப் பழக்கம். எனக்கு முழங்கால் வருத்தம். கூட்டம் நடக்கிற அன்றைக்கும் வந்தான். சமோவாக்காரியிடம் நான்கு டாரோக் கிழங்கு வாங்கினேன். பையை வாங்கித் தன் காரில் வைத்துவிட்டுத் தொடங்கினான்.

"நூறு பேரில எனக்கு அறுபத்தேழு. ரீச்சருக்கு முப்பத்துமூண்டு. தலைவர் ஆர்?"

"ரீச்சர். ஒன்பது சீட்டு."

"இது நியாயமே?"

"இல்லை. அண்டைக்கே சொன்னனான். நாலாம் வகுப்பெண்டு இருத்தினீர்."

அவன் சிரிக்கவில்லை. "ரண்டு சீட்டை எனக்குப் போடும். ஒண்டு காணாது, எட்டுக்கு எட்டு வந்திடும். அமெரிக்காவிலயும் மாத்திப் போட்ட தேர்வாளர் இருக்கினம். சில மாநிலம் சட்டம் போட்டுத் தடுக்குது, சிலது தடுக்கேல்லை. எங்கட யாப்பில தடை ஒண்டும் எழுதேல்லை ஐசே. அறுபத்தேழு பேரின்ர விருப்பத்தைத்தானே செய்யப் போறீர்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கரைச்சல்.

மன்னாரில் ஒரு தேர்தலன்று வரிசையில் நின்று உள்ளே போனேன். என் பெயருக்கு மேலே ஏற்கெனவே கோடு கீறியிருந்தது. உம்மட வாக்கு விழுந்திட்டுது, போம் என்றார்கள். யார் போட்டதென்று இன்றுவரை தெரியாது. நான் விரும்பிய ஆளுக்கே போட்டிருக்கலாம். அப்படி நினைத்தும் எனக்கு ஆறவில்லை.

"சீட்டு என்ரையில்லை டெஸ்மன். பத்மாவதி அக்காவின்ரையும் மற்றப் பத்துப் பேரின்ரையும். என்ர வாக்கு உமக்குத்தான் விழுந்தது. அது ஏவன்டேலோட சரி."

அவன் கார்க் கதவைத் திறந்தான். "சரி, ஏறும். கூட்டத்துக்குப் போவம்."

"நான் ரயிலில வாறன்."

"என்னையும் நம்பேல்லையோ?"

"நீர் கதைக்கிற கதைக்கு என்னைத்தான் நம்பேலாமல் கிடக்கு."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். கூட்டம் நியூ லின்னில், அடுத்த ஸ்டேஷன்தான்.

மண்டபத்தில் பிஸ்கட் டின் ஒன்றில் துளை வெட்டி வைத்திருந்தார்கள். மாசி ஏழு போட்டது. நியூ லின் ஐந்து போட்டது. பிறகு நான். எனக்கு எழுத்து ஓடாது. ஒரே பெயரை நான்கு தரம் எழுதி முடிக்கும்வரை டெஸ்மன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மடித்துப் போட்டேன்.

ஒன்பது, ஏழு.

ரீச்சர் வந்து, "நன்றி, அற்புதம் அண்ணை" என்றா.

"எனக்குச் சொல்லாதேங்கோ ரீச்சர். நான் உங்களுக்குப் போடேல்லை."

வெளியில் வந்து பார்த்தேன். டெஸ்மனின் கார் இல்லை. என் கிழங்கும் போய்விட்டது.

அந்தக் கிழமை முழுக்க அவன் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கு ட்ரொலிப் பையோடு கேற்றடியில் நின்றேன். எட்டேகாலுக்கு ஹோர்ன் அடித்தது.

"ட்ரொலி என்னத்துக்கு?"

"நீர் வராட்டில்?"

"நம்பேல்லை."

"இல்லை. என்ர கிழங்கெங்க?"

"அவிச்சுத் திண்டிட்டன்."

"நாலையுமோ?"

"நாலையும். யாப்பில தடை ஒண்டும் இல்லையே."

ட்ரொலியைப் பின்னால் போட்டுவிட்டு ஏறினேன்.