ராஜன் லிஸ்டின் கடைசி வரி

சார்ஜர் முனை மூன்றாவது தடவைதான் சரியாக உட்கார்ந்தது. சபிதா அடுக்களை மேடையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, புருசன் வைகுண்டராஜனின் போனில் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்து நின்றாள். பின்வாசலுக்கு அப்பால், ரப்பர் மரங்களுக்கிடையில், மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அவனை வடக்கே பார்த்து உட்கார வைப்பதற்கான குழி. அய்யாவழிக்காரர்கள் எரிப்பதில்லை. பதினொரு மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"பிள்ளே, ஒரு மொடக்கு கட்டங்காப்பியாவது குடி." வைகுண்டராஜனின் அக்கா பூங்கனி டம்ளரோடு வந்து நின்றாள். "போனை இப்பம் எதுக்கு நோண்டிட்டு நிக்க? ஆளே போயாச்சு."

"நாலு பேருக்குச் சொல்லணும் மைனி."

பொய். பூங்கனி டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

நேற்று ராத்திரி உடலோடு வந்த போன் திறந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. பதினாறும் அவளுடையவை. கடைசியில் 'டிங்' என்று ஒரு சத்தம். நேற்றுக் காலை பதினொன்றே காலுக்கு அவள் அனுப்பிய செய்தி, இன்று காலை ஒன்பதரைக்கு, அவள் கண்முன்னே, அவள் கைக்கே வந்து சேர்ந்தது.

'EX போடாதீங்க. அது கேக்காம மூடிரும். அடிச்சதெல்லாம் போயிரும். END போடுங்க. பாத்த உடனே கூப்பிடுங்க.'

அப்படியானால் அவன் படிக்கவில்லை.

குலசேகரத்துக்குப் பக்கத்தில் கையுறை செய்கிற பேக்டரியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவன் வைகுண்டராஜன். மூன்று வருசத்துக்கு முன்னால் பேரேடுகளை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சிஸ்டம் வைத்தார்கள். ஒரு கதவைத் திறந்தால் உள்ளே ஏழு கதவு, அதில் ஒன்றைத் திறந்தால் இன்னும் ஒன்பது. வழி தெரியாமல் அவன் தினமும் வியர்த்துக் கொட்டி வீடு வந்தான். "தப்பா ஒண்ணு அடிச்சா பேக்டரியே நின்னு போவுமோன்னு பயமா இருக்குட்டி" என்பான். அந்தக் கதவுகளையெல்லாம் தாண்டி நேராகப் போகக் குறுக்கு எழுத்துகள் உண்டு என்றும், மேலே இடது மூலைக் கட்டத்தில் அதை அடித்து என்டர் தட்டினால் போதும் என்றும் கண்டுபிடித்தவள் சபிதா. கம்பெனி அனுப்பிய பயிற்சி வீடியோக்களை அவன் அவளுக்குத் தள்ளிவிடுவான். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டு, எண்பது பக்க நோட்டில் அவள் எழுதிவைப்பாள்.

'சரக்கு வந்தால் SR11. சரக்கு கொடுத்தால் SI20. பார்க்க மட்டும் SV30. இதில் பயப்பட ஒன்றுமில்லை, எதையும் தொடாது.'

ஆபீசில் நோட்டைப் பார்த்து, "அண்ணனே எழுதினதா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் ஆமாம் என்றிருக்கிறான். அன்று ராத்திரி அதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். "எழுதினது யாரானா என்ன, நீங்க சொல்லிக்கோங்க" என்று அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு அவன் சட்டையை அவனே தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான்.

முந்தாநாள் ஒன்று கேட்டான். "நாளைக்கு ஸ்டாக் எண்ணுகோம். வெளிய வரதுக்கு நாலு ஜன்னலை மூட வேண்டியிருக்கு. குறுக்கா ஒண்ணு இருந்தா பாரு." வீடியோவில் இரண்டு சொன்னார்கள். இரண்டெழுத்தும் மூன்றெழுத்தும். அவன் விரல் மெதுவானது என்று சிறியதை, EX என்பதை, எழுதினாள். அதற்குள் சோறு பொங்கி அடுப்பு அணைந்தது. வீடியோவை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினாள். மிச்சம் நாலு நிமிசத்தை மறுநாள், அவன் போன பிறகுதான் பார்த்தாள். எச்சரிக்கை அதில்தான் இருந்தது. ஸ்டாக் எண்ணும் நாளில் வாசலிலேயே போனை அணைத்து வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

சாயந்தரம் நாலரைக்கு அவன் நாற்காலியிலிருந்து சரிந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

பத்து மணிக்கு பேக்டரி ஆட்கள் வந்தார்கள். நீலச்சட்டை போட்ட ஐந்து பேர். முன்னால் அனில்குமார், வைகுண்டராஜனுக்கு அடுத்த மேசைக்காரன். கையில் ஒரு துணிப்பை. சபிதா அந்தப் பையைப் பார்த்தாள். சோற்றுப் பாத்திரத்தின் வட்டம் தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் ஒரு சதுரம்.

மாலை போட்டார்கள். நெற்றியில் வெள்ளை நாமத்தோடு கிடந்தவனைப் பார்த்து எபிசன் என்பவன் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு அனில் வந்து பையை நீட்டினான்.

"அண்ணனுக்க சாதனங்களாக்கும் அக்கா. கண்ணாடி, டிபன், பெறவு இந்த நோட்டு."

சபிதா கை நீட்டுவதற்குள் பூங்கனி வாங்கிவிட்டாள். "இது என்ன நோட்டு?"

"இது இல்லேண்ணா எங்க ஸ்டோர்ஸ் இல்ல, கேட்டியளா. ராஜன் லிஸ்ட்டுன்னாதான் ஆபீசில தெரியும். இந்த எபிசன் இருக்கானே, இது வருமுன்ன கையுறைக்குப் பதிலா பினாயிலை இஷ்யூ பண்ணினவனாக்கும்."

"ஒரு தடவைதானே அண்ணே" என்றான் எபிசன், அழுதுகொண்டே.

"மானேஜர் இதை அச்சடிச்சு, அண்ணனுக்க போட்டோவும் பேரும் வச்சு, சுவரில மாட்டணும்னு சொல்லியிருக்காரு."

பூங்கனியின் முகம் அந்தத் துக்கத்திலும் நிமிர்ந்தது. "எனக்க தம்பி பத்தாங்கிளாஸ்தான். பாத்துக்கோங்க."

நோட்டைத் திறந்தாள். உள்ளே முழுக்கச் சபிதாவின் கையெழுத்து. பூங்கனி கண்ணாடி போட்டிருக்கவில்லை. பக்கங்களைத் தடவிப் பார்த்துவிட்டு மூடினாள்.

"அனிலு" என்றாள் சபிதா. "அவிய விழுந்தப்பம் கம்ப்யூட்டரில என்ன இருந்தது?"

அனில் யோசித்தான். "பேரும் பாஸ்வேர்டும் கேட்டுட்டு நின்னது. முதல் பக்கம். மத்தியானத்துக்குப் பெறவு முந்நூறு சாமான் அடிச்சிருப்பாரு. தட்டுற சத்தம் நின்னது. 'முடிஞ்சுதா அண்ணே?'ன்னு கேட்டேன். திரும்பல்ல. அதையே பாத்துட்டு இருந்தாரு. அலுப்பா இருக்கும்னு நானும் விட்டுட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிசம் இருக்கும்."

குழிப்பக்கம் யாரோ கயிறு கேட்டார்கள்.

"அடிச்சதெல்லாம் அங்கயே இருக்கா?"

"யாரு பாத்தா? அவருக்க பாஸ்வேர்டு அவருக்குத்தானே தெரியும். திங்கக்கிழமை மானேஜர் திறப்பாரு." அனில் சட்டைப் பையிலிருந்து, அடையாள அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினான். "எங்க எல்லாருக்கும் நகல் கொடுத்திருக்காரு. நேத்துக் காலத்த வந்ததும் புதுசு ஒண்ணு எழுதிக்கோங்கலேன்னாரு. இனி நாலு தடவை மூட வேண்டாம்னு என்ன சந்தோசம்! எண்ணி இன்னும் தீரல்ல அக்கா. அங்க ஏழு பேரு இப்பம் அடிச்சிட்டு இருக்கானுவ. நாங்களும் பன்னிரண்டுக்குப் போணும்."

தாளின் அடியில், பேனாவால், வைகுண்டராஜனின் கோணல் எழுத்தில்: 'வெளியே வர EX.'

சபிதா கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். வைகுண்டராஜன் உதட்டை இறுக்கி மூடிக் கிடந்தான். சும்மா இருந்துவிடலாம். ஒரு வார்த்தை சொல்லவில்லையென்றால் சுவரில் அவன் போட்டோ இருக்கும். பிறகு ஏழு பேரில் எவனாவது ஒருவன், நாள் முழுக்க அடித்துவிட்டு, அந்த வெறும் பக்கத்தின் முன்னால் போய் உட்காருவான். அவனுக்கும் நெஞ்சு எப்படியோ, யாருக்குத் தெரியும்.

"அந்தக் கடைசி வரியை வெட்டணும்."

"எது?"

"EX. அது கேக்காம மூடிரும். சேவ் பண்ணாததெல்லாம் போயிரும். END தான் சரி. அது நின்னு கேக்கும்."

"அண்ணன்தானே அக்கா..."

"அவிய எழுதல்ல." பூங்கனி பக்கம் பார்க்காமல் சொன்னாள். "நோட்டு முழுக்க நான் எழுதினது. அதும் நான்தான் எழுதினேன்."

அனில் வாயைத் திறந்தான். நேற்றைய பத்து நிமிசம் அவன் முகத்தில் மெதுவாக வந்து ஏறுவதை சபிதா பார்த்தாள். பூங்கனி கையில் நோட்டோடு அப்படியே நின்றாள். கீழே வைக்கவுமில்லை, நீட்டவுமில்லை.

அனில் முற்றத்துக்கு இறங்கி ஆபீசுக்குப் போன் போட்டான். "ஏலே, நான்தான். எல்லாத்தையும் நிப்பாட்டு. லிஸ்டில கடைசி வரி... காரணம் பெறவு. நீ வெட்டு முதல்ல."

பிறகு மற்ற நாலு பேரிடமும் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். அவர்கள் பைகளிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார்கள். பேனா ஒன்றுதான் இருந்தது. ஒருவன் குனிய, அவன் முதுகில் தாளை வைத்து அடுத்தவன் கோடு போட்டான். உள்ளே நாற்காலிகளை நகர்த்தி வழி விட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் பேனா அவர்களில் ஞானதாசன் என்பவனிடம் வந்தது. அவன் தாள் வியர்வையில் ஊறியிருந்தது, மை பிடிக்கவில்லை. எபிசனின் முதுகில் வைத்து அதே இடத்தில் மறுபடியும் மறுபடியும் இழுத்தான், தாள் கிழிந்து நீலச்சட்டையில் கோடு விழுந்த பிறகும்.