முப்பத்தேழாம் எண் வீட்டு விருந்தாளி

"உங்க வீட்டுல மொத்தம் எத்தனை பேரும்மா?" என்று கணக்கெடுப்புக்கு வந்தவர் கேட்டார். அம்மா, நான், நாவலிலிருந்து வந்த பெண் ஒருத்தி, ஆக மூன்று பேர் என்றாள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். அவர் மூன்றாவது ஆளை விருந்தாளி என்று எழுதிக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த நாவல் யாருடைய கோட்டுப் பையிலோ வந்தது. துணிகளில் கிடைக்கும் பொருட்களைக் கடையில் மூன்று மாதம் தகர டப்பாவில் வைத்திருப்பார்கள். பிறகு வேலையாட்கள் எடுத்துக்கொள்ளலாம். பேனாவும் சீப்பும் போன பிறகு மிஞ்சியது புத்தகம்தான். வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்து ஆப்பிரிக்கக் குடும்பம் ஒன்றின் கதை. அப்பா துரையின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையென்று மூத்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறார். அவள் பானையோடு தண்ணீருக்குப் போகும் ஆறாம் அத்தியாயத்தை இஸ்திரிக்காரி பதினொரு தடவை படித்தாள். அவளும் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது குரல் வரவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை. கடையில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர்.

கையில் எது கிடைத்தாலும் வீட்டு எண்ணைத் தைத்துவிடுவது சலவைக்காரர் பழக்கம். புத்தகத்தின் அட்டையோரத்திலும் யோசிக்காமல் சிவப்பு நூலால் தன் வீட்டு எண்ணை, முப்பத்தேழு என்று தைத்துவிட்டாள். எண் தைத்த உருப்படி அந்த எண்ணுக்குத்தான் வந்து சேரும். அன்று மாலை நாவலின் மூத்த மகள் வெறும் பானையோடு வாசலில் நின்றாள். அம்மா கட்டிலைச் சற்று நகர்த்திப் போட்டாள்.

விருந்தாளி அதிகம் பேசமாட்டாள். போர்வைகளை ஓரம் பிசகாமல் மடிப்பாள். வேலை முடிந்ததும் இஸ்திரிக்காரி அவளுக்கு ஏதாவது வாசித்துக் காட்டினாள். முதலில் சோப்பு உறை, பிறகு செய்தித்தாள், கடைசியில் தான் எழுதி யாருக்கும் காட்டாத நோட்டுகள். அவள் எதிரில் குரல் வந்தது.

இதற்குள் புத்தகம் கடை வண்டி ஓட்டும் அண்ணன் கைக்குப் போயிருந்தது. இரண்டு மாதம் கழித்து அவர் அதை இஸ்திரி மேசையில் பொத்தென்று போட்டார்.

"ஏ ஊமைக்கோட்டான், என்ன புத்தகம் குடுத்தே? தண்ணிக்குப் போன பொண்ணு வரவே இல்ல. அவளப் பெத்த அம்மா தேடிக்கிட்டே இருக்கு."

"கடைசியில வந்துருவாளே அண்ணே."

"எங்க வரா? நான் படிச்சப்போ இருநூறு பக்கம். என் பொண்டாட்டி படிக்கும்போது இருநூத்தி நாப்பது. அந்தம்மா தினம் மகளுக்கு ஒரு தட்டு வேற எடுத்து வைக்குது. இவ அழுத அழுகையில எனக்குச் சோறு போடவே மறந்துட்டா."

"உங்க கவலை உங்களுக்கு" என்றாள் துவைக்கிற அக்கா.

இஸ்திரிக்காரி இரண்டு நாள் புத்தகத்தைத் துணிமூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். விருந்தாளி போனால் குரலும் போய்விடுமே என்று பயம். கடைசியில் குரல் போகவில்லை. பிற்பாடு அந்தப் புத்தகம் ஒன்பது பேர் கை மாறியது, இருநூறு பக்கத்தைத் தாண்டவில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கு மதிய இடைவேளையில் அவளே உரக்க வாசித்தாள்.

ஆனால் மூன்றாம் நாள் மாலை அவளுக்கு அது தெரியாது. விருந்தாளியை எதிரில் உட்காரவைத்து, கூடிப்போன நாற்பது பக்கங்களையும் வாசித்தாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, நிற்கவில்லை. சமையலறையில் அம்மா குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும் இஸ்திரிக்காரி பிளேடால் சிவப்பு நூலை அறுத்தாள்.

விருந்தாளி மடியிலிருந்த போர்வையை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். குழாயைத் திறந்து பானையை விளிம்புவரை நிரப்பினாள். அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் படியிறங்கிப் போனாள்.