மணிராஜின் கொடைப் படம்

ஏரல் பஜாரில் மாரிக்கண்ணுவின் பிளக்ஸ் கடை மாடியில் இருந்ததால் வெள்ளம் அதைத் தொடவில்லை. கீழே எல்லாம் போயிற்று. வாழைத்தார் சுமக்கிற மணிராஜும் போனான். பிணம் கிடைத்தபோது முகம் இல்லை. கைலியை வைத்துத்தான் பெண்டாட்டி முத்துராணி அடையாளம் சொன்னாள்.

முதல் வருஷ நினைவு நாளுக்கு பிளக்ஸ் அடிக்க வந்திருந்தாள்.

“கொடைக்கு எடுத்த படம் உங்கிட்ட இருக்குல்லா தம்பி? மீசைய முறுக்கிட்டுச் சிரிப்பாரே, அது. வீட்ல இருந்ததெல்லாம் தண்ணியோட போயிட்டு.”

“இருக்கு மைனி. ஊர்ல எவன் மூஞ்சி எங்கிட்ட இல்ல?”

கோயில் கொடைத் திருவிழாவுக்கு இளவட்டங்களின் முகங்களை வரிசையாகப் போட்டு பிளக்ஸ் வைப்பார்கள். படங்களையெல்லாம் மாரிக்கண்ணு கம்ப்யூட்டரில் ‘கொடை’ என்ற ஒரே ஜிப் கோப்பில் வருஷா வருஷம் சேர்த்துக் கட்டி வைப்பான். திறந்தான். இந்த வருஷப் படங்கள் மட்டும் இருந்தன. மேலும் கீழும் தேடினான். பிறகு கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்த பாளையங்கோட்டை கோமதிசங்கரைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

“ஜிப் கட்டுத மென்பொருள லினக்ஸ் புது வெர்ஷன்ல மாத்திட்டாங்கவே,” என்றான் கோமதிசங்கர். “பழசக் கவனிக்க ஆள் இல்லயாம். பழசுல அதே பேர்ல கட்டுனா, உள்ள இருக்கதோட சேத்துக்கிடும். புதுசு, பழைய ஜிப்ப அழிச்சிட்டுத்தான் கட்டும். அழிக்கவான்னு கேட்டிருக்குமே?”

“கேட்டுச்சு. ஆமான்னு அமுக்குனேன். எப்பவும் அதத்தான அமுக்குதேன்.”

“வாசிச்சீரா?”

“கொடை அவசரத்துல எவம்வே வாசிப்பான்? மாத்துன அன்னைக்கே நீரு சொல்லிருக்கலாம்லா?”

“வேற நகல் இருக்கா?”

“இல்ல. அழிஞ்சத எடுக்க முடியாதா?”

“அழிஞ்ச எடத்து மேலயே எத்தன பிளக்ஸ் செஞ்சு சேமிச்சிருப்பீரு. வராதுவே.”

முத்துராணிக்குப் புரிந்துவிட்டது. அந்தப் படம் இருந்த பழைய கொடை பிளக்ஸை அவளே ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருந்தாள். வெள்ளத்தில் ஆடும் கூரையும் சேர்ந்தே போயின.

“சொரிமுத்து அண்ணன் படம் இந்த வருஷத்துல இருக்கு மைனி,” என்றான் மாரிக்கண்ணு. “மணிராஜ் அண்ணன்கூடப் பொறந்தவருதான. அதே ஜாடை. மீசைய மட்டும் மாத்திருதேன்.”

“அவரு உசுரோட இருக்காருலே. அவரு மூஞ்சிக்கு மாலை போடச் சொல்லுதியா?”

அவன் அந்த ஜிப்பை மூடினான். அவள் பையிலிருந்து ஆதார் நகலை எடுத்து வைத்தாள். இறப்புச் சான்றுக்காக வெள்ளத்துக்குப் பிறகு எடுத்தது.

“இதுல அவரு மூஞ்சியே இல்ல. போலீஸ் புடிச்சிட்டு வந்தவன் மாதிரி இருக்காரு. என்ன செய்ய, இதயே போடு.”

அதை ஸ்கேன் செய்து ஆறடிக்குப் பெரிதாக்கினான். கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. மீசை ஒரு கறை. வெளிச்சத்தைக் கூட்டினான், குறைத்தான். குழி குழியாகவே இருந்தது.

முத்துராணி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“கீழ பேரப் பெருசா போடு தம்பி,” என்றாள். “அப்பத்தான் ஆளு தெரியும்.”