மருந்தடித்த வரப்பு

பட்டி போட வருகிற ரங்கன் எந்தத் தோட்டத்திலும் கூலியைப் பற்றி முதலில் பேசமாட்டான். "ஏனுங்க, பத்து நாளுக்குள்ள மருந்து கிருந்து அடிச்சீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பான். இருநூறு ஆடுகளை ஊர் ஊராக ஓட்டி, அறுப்பு முடிந்த நிலத்தில் இரவுக்கு ஓர் இடமாக அடைத்து, எருவிட்டுப் போகிற பிழைப்பு. கேட்காமல் முடியுமா?

பனமரத்துப்பட்டிப் பக்கம் ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் காளியண்ணனிடமும் அதையேதான் கேட்டான். முந்தாநாள்தான் அவர் கத்தரிக்கு அடித்து மீந்த பூச்சிமருந்தைக் கிழக்கு வரப்புப் புல்லில் கொட்டியிருந்தார். அதைச் சொன்னால் பட்டி நேராகப் பங்காளி பச்சமுத்து தோட்டத்துக்குப் போய்விடும். மூட்டை மூட்டையாக உரம் போட்டுச் செத்துப்போன மண்ணுக்கு ஆட்டெரு வேண்டும்.

"அதெல்லாம் ஒண்ணும் அடிக்கலப்பா, தாராளமா ஓட்டு" என்றார். வாய் தவறி வந்தது என்று சொல்ல வழியில்லை. யோசித்துச் சொன்ன பொய்.

மூன்றாம் நாள் காலை ஆறு ஆடுகள் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. இரண்டு சினையாடுகள். விஷம் என்று ரங்கனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கேட்டாயிற்று, இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் சந்தேகப்பட அவனுக்குத் தெரியாது. வாசலில் வந்து கும்பிட்டபடி நின்றான்.

"மன்னிச்சுக்கோணுஞ் சாமி. எம்பட ஆட்டுக்குச் சீக்கு வந்துருச்சாட்டம் இருக்குது. உங்க மண்ணுல கொண்டாந்து கொட்டிப்புட்டேன்."

"சரி உடு, என்ன பண்றது" என்றார் காளியண்ணன். செத்தவனிடமே சுடுகாட்டுக் கூலி கேட்பதுபோல, அந்த மன்னிப்பையும் கூசாமல் வாங்கிக்கொண்டார்.

"நாமக்கல் வரைக்கும் பத்துத் தோட்டத்துல கூப்பிட்டிருந்தாங்க. வல்லீங்கன்னு போன்ல சொல்லிட்டேன். மலையடிவாரத்துல ஒரு மாசம் ஒதுங்கிக்கறோம்."

"இந்த வெயில்ல அங்க மேய்ச்சலுக்கு என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க. பாதி ஆடு தங்காது. அதுக்காக அடுத்தவன் ஆட்டுக்குச் சீக்க ஒட்டவுடலாமுங்களா?"

கதவோரம் காளியண்ணனின் மனைவி மலர்விழி நின்றிருந்தாள். மருந்து நாறிய சட்டையைத் துவைத்தவள் அவள்தான். அவள் ஏதாவது பேசியிருந்தால் எரிந்து விழுந்தாவது காளியண்ணன் தப்பித்திருப்பார். வெறுமனே பார்த்தாள். ரங்கன் திரும்பி நடந்தான்.

"ரங்கா, நில்லு." காளியண்ணன் வாசலில் இறங்கினார். "சீக்கு இல்ல. கிழக்கு வரப்புல மருந்து ஊத்தியிருந்தேன். தெரிஞ்சேதான் சொல்லாம உட்டுட்டேன்."

ரங்கன் முகம் மலர்ந்துவிட்டது. "நெசமாவா? ஏ ராமாத்தா, சீக்கு இல்லியாம்!" என்று பட்டியிலிருந்த பெண்டாட்டிக்குக் கேட்கக் கத்தினான். ஆட்டைக் கொன்றவனைத் திட்டுவதற்கு முன்னால், மிச்ச ஆடு பிழைத்ததற்குச் சந்தோஷப்படுகிறான் மனுஷன். காளியண்ணனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்புறம்தான் ரங்கன் அவரை நேராகப் பார்த்தான். "நாங் கேட்டனுங்களே சாமி."

"செத்த ஆட்டுக்கெல்லாம் ஈடு குடுத்தர்றேன்."

"அத அப்புறம் பேசலாங்க. மொதல்ல அந்த வரப்பக் காட்டுங்க. பின்னால எங்காளுங்க பட்டி மூணு வருது. அவிங்களுக்குத் தெரியோணும்."

வேலாமுள்ளை வெட்டி வரப்பின் இரு முனையிலும் போட்டான். ஒரு குச்சியை நட்டு, கட்டுவதற்குத் துணி கேட்டான். காளியண்ணன் தோளிலிருந்த துண்டைக் கொடுத்தார். அதற்குள் பச்சமுத்துவும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் வந்து நின்றுவிட்டார்கள். துண்டு எதற்குக் குச்சியில் ஏறுகிறது என்று ராமாத்தாள் விவரமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். காளியண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சொல்லட்டும், ஊரெல்லாம் சொல்லட்டும் என்றிருந்தது.

முடிச்சுப் போடப்போன ரங்கன் நிமிர்ந்தான். "இந்தப் புல்லுல எத்தன நாளைக்குங்க விசம் இருக்கும்? எப்ப இத அவுக்கலாம்னு எங்காளுங்களுக்குச் சொல்லோணும்."

முப்பது வருஷமாக மருந்து அடிக்கிறவர் காளியண்ணன். ஒருநாளாவது கடைக்காரனிடம் அதைக் கேட்டதில்லை. டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று படித்ததுமில்லை. அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"தெரியலப்பா" என்றார்.

"அப்ப இருக்கட்டுங்க" என்று ரங்கன் துண்டை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினான்.