பெட்டிக்குள் ஐந்து ரொட்டி

விடுமுறைக்கு எடுத்திருந்த வாடகை வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம் இருக்கும்போது, என் அம்மா ஒடீல் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அவசரநிலைப் பிரகடனம் செய்தாள்.

"இன்னையிலேருந்து ஒரு சாமான் உள்ள வரக் கூடாது. இருக்கிறதைத் தின்னு தீர்க்கணும். அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்காரம்மா வந்து இதுக்குள்ள தலையை விட்டுப் பார்ப்பா. எனக்கு மானம் முக்கியம்."

"ரொட்டி?" என்றார் அப்பா.

"ஃப்ரீசர்ல ரெண்டு பாக்கெட் இருக்கு ரெஜிஸ். பாரிஸ்லேருந்து கொண்டுவந்தது."

அப்பாவின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். காரணம் எனக்குத் தெரியும்.

பான்யூல் என்ற இந்தக் கடலோர ஊருக்கு நாங்கள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ரொட்டிக்கடை வரிசையில் அப்பாவுக்கு முன்னால் சபாத்தே என்ற கிழவர் நாயோடு நின்றார். அவர் வாயைத் திறக்கவே இல்லை. கடைக்கார மதாம் ரோக்கா, "வழக்கம்போலத்தானே?" என்று சொல்லிக்கொண்டே ரொட்டியைத் தாளில் சுற்றி நீட்டினாள். நாய்க்குக்கூட ஒரு துண்டு கிடைத்தது. பாரிஸ் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முப்பது பேருக்கு மேலதிகாரியான என் அப்பா, தன் வாழ்க்கையில் எது இல்லை என்பதை அந்தக் கணத்தில் கண்டுகொண்டார்.

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணி. அதே நீலச் சட்டை, அதே கயிற்றுச் செருப்பு, அதே வாசகம்: "ஒரு நீள ரொட்டி, நல்லா முறுகினதா." மதாம் ரோக்காவும் ஒரு நாள் தவறாமல், அவரை அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்து, "உங்களுக்கு என்ன, மெஸ்ஸியே?" என்பாள். திங்கட்கிழமை கடை விடுமுறை. அன்று அப்பாவுக்குத் தலைவலி வரும்.

முயற்சியில் குறை சொல்ல முடியாது. காரின் எண் பலகையில் எந்த மாவட்ட எண்ணை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்று படித்துவிட்டு, பாரிஸின் 75 ஐக் கழற்றி எறிந்து இந்த ஊரின் 66 ஐ ஜூன் மாதமே மாட்டிவிட்டார். கடற்கரையில் யாராவது சத்தமாகப் பேசினால், "இந்தப் பாரிஸ்காரங்க தொல்லை தாங்கல" என்று என்னிடம் சத்தமாகச் சொல்வார்.

ஆக, "வழக்கம்போலத்தானே?" என்று கேட்கப்படும் வாடிக்கையாளர் ஆவதற்கு இன்னும் ஏழே நாள். இந்த நேரத்தில் ரொட்டிக்குத் தடை.

அந்த வாரம் நாங்கள் சாப்பிட்டதை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். பருப்பும் சூரை மீனும் மூன்று பாலாடைக்கட்டிகளின் மிச்சமும் ஒரே சட்டியில் சந்தித்தன. செவ்வாய்க்கிழமை பட்டாணியோடு அத்திப்பழ ஜாம் வந்தது. எங்களாலும் முடியாததை அம்மா அண்டை வீட்டாருக்கு விநியோகித்தாள். கால் பாட்டில் வினிகர், அரைக் குப்பி கடுகு விழுது. புதன்கிழமைக்குள் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அம்மா நிற்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டே படியிறங்கப் பழகிவிட்டார்கள்.

மாலை நான்கு மணிக்கு மட்டும் அம்மா வெளியே போவாள், சதுக்கத்தில் இருக்கும் மறுசுழற்சித் தொட்டியில் காலி ஒயின் பாட்டிலைப் போட. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாட்டில். வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"எல்லாத்தையும் ஒரேயடியா போட்டுட்டு வாயேன்மா" என்றேன்.

"போட்டா சத்தம் கேட்டு ஊரே எண்ணும், கொராந்தன். நம்மளைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

இதில் தவறு காண எனக்கு அறிவு போதவில்லை. ஒரு பாட்டிலைப் போட அரை மணி நேரம் ஆவது ஏன் என்று மட்டும் கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பெட்டி கட்டும்போது அம்மா அப்பாவின் பெட்டியைத் தூக்கினாள். உள்ளே ஏதோ விறகுபோல உருண்டது. திறந்தாள். சட்டைகளுக்கு நடுவில் ஐந்து நீள ரொட்டிகள், காலுறை போட்டு மூடி வைக்கப்பட்டிருந்தன.

"இது என்ன?"

"ரொட்டி" என்றார் அப்பா. பொய் சொல்ல வராது அவருக்கு.

"நான் என்ன சொன்னேன்? சாமான் வாங்காதேன்னேனா இல்லையா?"

"ஒடீல், ஒரு நாள் விட்டாலும் போச்சு. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அவ இப்போ என்னை வேற மாதிரி பாக்கறா. நேத்து லேசா தலையை ஆட்டினா."

"ஈ ஓட்டியிருப்பா."

அரை மணி நேரம் அம்மா பேசினாள். சுயக்கட்டுப்பாடு, குடும்ப ஒழுங்கு, ஐம்பத்தெட்டு வயது ஆகிய மூன்று தலைப்புகளில் பேசினாள். ஐந்து ரொட்டிகளும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை வீட்டுக்காரம்மா ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டு, வெளியே எடுத்து, "பளபளன்னு இருக்கு மதாம்" என்றாள். சாவியைக் கொடுத்தோம். அப்பா காரைக் கடைக்கு எதிரே நிறுத்தினார்.

"கடைசித் தடவை, ஒடீல். ஒரே நிமிஷம்."

அம்மா அவரைத் திட்டாததுதான் ஆச்சரியம். "நான் கார்லயே இருக்கேன்" என்று கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அப்பா அவமானப்படும் காட்சியை அவள் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. சாட்சிக்காக நான் கூடப் போனேன்.

வரிசை நகர்ந்தது. அப்பா நீலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மதாம் ரோக்கா நிமிர்ந்தாள். அவள் முகம் மலர்ந்தது, அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்பா பதில் புன்னகையோடு ஓரடி முன்னே வந்தார். அவளோ அவர் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தபடி, ஒரு சின்ன கேக் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு, அவரைச் சுற்றி வெளியே ஓடினாள்.

"மதாம் ஒடீல்! இன்னைக்கு நாலு மணிக்கு இருக்கமாட்டேன்னு நேத்து சொன்னீங்களே, அதான் காலையிலயே போட்டு வச்சேன். வழக்கம்போலத்தான், காபி எக்ளேர், கிரீம் கொஞ்சம் தூக்கலா!"

கார்க் கண்ணாடி மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. இரண்டு கன்னங்களிலும் முத்தம் பரிமாறப்பட்டது.

"அட, இந்த 66 நம்பர் பாரிஸ்காரரு உங்க வீட்டுக்காரரா? சொல்லவே இல்லையே!"

"அந்தப் பேச்சே வரல" என்றாள் அம்மா.

மதாம் ரோக்கா உள்ளே வந்து கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன, மெஸ்ஸியே?"

அப்பா நீலச் சட்டையை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டார். பின்னால் நாய் ஒன்று குரைத்தது.

"வழக்கம்போல" என்றார்.

"அப்படின்னா?"

பாரிஸ் போகும் வழியில் நார்போன் நகரத்தைத் தாண்டினோம். பிறகு அம்மா அட்டைப்பெட்டியின் நாடாவை அவிழ்த்தாள்.

"ஒரு வாய் வேணுமா, ரெஜிஸ்?"

"வேண்டாம்" என்றார் அப்பா, சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல். "இருக்கிறதைத் தின்னு தீர்க்கணும். கொராந்தன், பின்னாடி பெட்டியிலேருந்து ஒரு ரொட்டியை எடு."